ஃபிலிஸ் வீட்லி நன்றி சொன்னாரா?

கேள்வி: ஜூன் 2

எம்.ஏ. படித்தபோது பாடத்தில் இருந்த எட்டு வரிக் கவிதையை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஃபிலிஸ் வீட்லி என்ற பெண், என் நாட்டிலிருந்து என்னை இங்கே கொண்டுவந்தது கருணை என்று எழுதுகிறார். அங்கே இருந்திருந்தால் கடவுளைத் தெரிந்திருக்காதாம், மீட்பரைத் தெரிந்திருக்காதாம். விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு நன்றி சொன்ன ஒருவரைக் கறுப்பின இலக்கியத்தின் தொடக்கம் என்று எதற்குத் தூக்கி வைக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஜூன் 2, இரவு

அந்தக் கவிதையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். இந்தக் கேள்வி வராத ஆண்டு கிடையாது. முதல் நான்கு வரிகளைப் படித்ததுமே பாதி வகுப்புக்கு முகம் சுருங்கிவிடும். நியாயம்தான். ஆனால் மிச்சம் நான்கு வரிகள் இருக்கின்றன, கவிதை அங்கேதான் திரும்புகிறது. எங்கள் கறுத்த இனத்தைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள் என்கிறார். எங்கள் நிறத்தைச் சாத்தான் சாயம் என்கிறார்கள் என்கிறார். கடைசி இரண்டு வரியில் கிறிஸ்தவர்களே என்று நேராகக் கூப்பிட்டு, பைபிளில் தம்பியைக் கொன்ற காயீனைப் போலக் கறுத்தவர்களும் பக்குவப்பட்டுத் தேவதூதர் வரிசையில் சேரலாம், நினைவிருக்கட்டும் என்று முடிக்கிறார்.

இதை எழுதியபோது அவருக்குப் பதினைந்து வயது இருக்கும். ஊர் பாஸ்டன், ஆண்டு 1768. எழுதியவர் இன்னொருவரின் உடைமை. அந்த நிலையில் இருக்கிற சிறுமி தன்னைச் சுற்றியுள்ள கிறிஸ்தவர்களைப் பார்த்து 'நினைவிருக்கட்டும்' என்று கட்டளை வாக்கியம் எழுதுகிறாள். நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் இப்படி முடிப்பதில்லை.

ஜூன் 3

அவர் யார் என்றே தெரியாது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

1761 ஜூலையில் 'ஃபிலிஸ்' என்ற அடிமைக் கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பாஸ்டன் துறைமுகத்துக்கு வந்தது. அதில் ஒரு சின்னப் பெண். முன்பற்கள் விழுந்திருந்தன, அதை வைத்து ஏழெட்டு வயது என்று கணக்குப் போட்டார்கள். ஜான் வீட்லி என்ற வணிகர் தன் மனைவி சுசானாவுக்குப் பணிவிடை செய்ய வாங்கினார். கப்பலின் பெயர் குழந்தைக்குப் பெயரானது, வாங்கியவரின் குடும்பப் பெயர் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டது. இன்று நாம் சொல்கிற 'ஃபிலிஸ் வீட்லி' என்ற பெயரில் அவருடைய பெற்றோர் கொடுத்தது ஓர் எழுத்துகூட இல்லை.

அந்த வீட்டு மகள் மேரி எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். பதினாறு மாதத்தில் பைபிளின் கடினமான பகுதிகளையும் படித்தாள் என்று ஜான் வீட்லியே எழுதியிருக்கிறார். அப்புறம் லத்தீன், அலெக்சாண்டர் போப், மில்டன் என்ற ஆங்கிலக் கவிஞர்கள், ஆங்கிலத்தில் ஹோமர். 1767 டிசம்பரில் நியூபோர்ட் நகரப் பத்திரிகையில் முதல் கவிதை அச்சானது. 1770ல் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் என்ற புகழ்பெற்ற பிரசங்கியார் இறந்தபோது எழுதிய இரங்கற்பா கடல் தாண்டி லண்டன் வரை போனது. 1773ல் லண்டனில் புத்தகம். ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர் ஒருவரின் முதல் கவிதைத் தொகுப்பு அதுதான். 1784 டிசம்பர் 5ல் பாஸ்டனில் இறந்தார். வயது சுமார் முப்பத்தொன்று.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

லண்டனில் ஏன் என்று கேட்காமல் விட்டுவிட்டீர்களே! 1772ல் பாஸ்டனிலேயே புத்தகம் போட விளம்பரம் கொடுத்தார்கள். முந்நூறு பிரதிக்கு முன்பதிவு சேர்ந்தால் அச்சடிப்பது என்று ஏற்பாடு. சேரவில்லை. ஒரு கறுப்பின அடிமைப் பெண் இதை எழுதினாள் என்பதையே பலர் நம்பவில்லை.

ஜூன் 5

'பதினெட்டுப் பெரிய மனிதர்கள் அவளை ஒரு மண்டபத்தில் நிறுத்தி வாய்மொழித் தேர்வு வைத்தார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்தக் காட்சி எல்லா இடத்திலும் சுற்றுகிறது, பாடப் புத்தகக் குறிப்பிலும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு கூட்டம் நடந்ததற்குப் பதிவு கிடையாது. இருப்பது ஒரு சான்றிதழ். பதினெட்டுப் பேர் கையெழுத்து. ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன், ஜான் ஹான்காக், நகரத்தின் முக்கியமான பாதிரியார்கள். கையெழுத்திட்டவர்களில் பலர் தாங்களே அடிமைகளை வைத்திருந்தவர்கள். அதில் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: சில ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து பண்படாதவளாகக் கொண்டுவரப்பட்டு, இன்றும் இந்த ஊரில் ஒரு குடும்பத்தில் அடிமையாக வேலை செய்கிற ஃபிலிஸ் என்ற இளம்பெண் இந்தக் கவிதைகளை எழுதினாள் என்று நம்புகிறோம், தகுதியானவர்கள் சிலர் அவளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே அறை, ஒரே நாள், பதினெட்டு நாற்காலி என்பதெல்லாம் பின்னால் வந்த கற்பனை.

புத்தகத்தின் முன்பக்கத்தில் இந்தச் சான்றிதழ் அச்சாகியிருக்கிறது. கவிதைக்குள் போகும் முன் வாசகர் இதைத் தாண்ட வேண்டும்.

ஜூன் 5, இரவு

மேலே உள்ள குறிப்பை எழுதி முடித்த பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. நடந்ததாக உறுதியாகத் தெரிகிற ஒரு சோதனை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

1772 அக்டோபர். தாமஸ் வுல்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் பாஸ்டன் வந்தவர், இந்தப் பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு வீட்லி வீட்டுக்கே போகிறார். பேசிப் பார்க்கிறார், இவள் ஏமாற்றுக்காரி இல்லை என்று தெரிகிறது. எந்தத் தலைப்பிலும் எழுதுவாயா என்கிறார். எழுதுவேன் என்கிறாள். அப்போதுதான் டார்ட்மத் பிரபு குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சரான செய்தி வந்திருந்தது. சரி, அவரைப் பற்றி எழுது என்று பெயரைக் கொடுக்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஃபிலிஸ் முதல் படியை எழுதிவிட்டாள். வுல்ட்ரிட்ஜ் இதை டார்ட்மத்துக்கே கடிதமாக எழுதியிருக்கிறார், அதனால் நமக்குத் தெரிகிறது.

அந்தக் கவிதையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். புதிய அமைச்சரை வரவேற்கிறார், அமெரிக்காவுக்குச் சுதந்திரம் வரும் என்கிறார், அதுவரை வழக்கமான பாராட்டுக் கவிதை. பிறகு சொல்கிறார்: பிரபுவே, என் பாட்டைப் படிக்கும்போது இந்தச் சுதந்திர ஆசை எனக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யோசிக்கலாம். சின்ன வயதில் ஆப்பிரிக்காவிலிருந்து பறிக்கப்பட்டவள் நான். என் பெற்றவரின் நெஞ்சில் எத்தனை வேதனை புரண்டிருக்கும்! ஒரு தகப்பனிடமிருந்து அவன் ஆசைக் குழந்தையைப் பிடுங்கியவனின் உள்ளம் இரும்பாகத்தான் இருந்திருக்கும். என் கதை இது. மற்றவர்கள் கொடுங்கோன்மையை ஒருநாளும் அனுபவிக்கக் கூடாது என்று வேண்டாமல் நான் வேறென்ன செய்வேன்?

யாருக்கு எழுதுகிறார்? பிரிட்டிஷ் அமைச்சருக்கு. எப்போது? இவளால் எழுத முடியுமா என்று பார்க்க வந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது. கேட்ட தலைப்பில் கேட்டபடி எழுதி, அதற்கு நடுவிலேயே பிள்ளை பிடித்தவனின் நெஞ்சு இரும்பு என்று வைக்கிறார். எட்டு வரிக் கவிதையை மட்டும் வைத்து இவரை எடைபோடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எல்லாத் தொகுப்பிலும் அந்த எட்டு வரிதான் இருக்கிறது, சின்னதாக இருப்பதால் அச்சடிக்க வசதி. டார்ட்மத் கவிதையையும் பக்கத்தில் போட்டால் கேள்வியே வேறு மாதிரி கேட்கப்படும்.

ஜூன் 6

'அவங்க அம்மா பேர் என்ன மேடம்?' இந்தக் கவிதையை நடத்தியபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். எங்கும் பதிவாகவில்லை என்றேன். அவள் விடவில்லை. 'அப்ப அவங்களுக்கே ஞாபகம் இருந்திருக்குமா?'

அம்மாவைப் பற்றி ஒரே ஒரு நினைவு வந்து சேர்ந்திருக்கிறது. சூரியன் எழும்போது அம்மா தரையில் தண்ணீர் ஊற்றி வணங்குவார் என்று. ஆனால் இதைச் சொன்னது ஃபிலிஸ் இல்லை. அவர் இறந்து ஐம்பது ஆண்டு கழித்து, 1834ல், சுசானா வீட்லியின் உறவு வழியில் வந்த மார்கரெட்டா ஒடெல் என்ற பெண்மணி எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் வருகிறது. வாங்கியவர் வீட்டுக் கதையாக வந்த நினைவு.

இன்னொரு இடம் உண்டு. 1774ல் ஜான் தார்ன்டன் என்ற ஆங்கிலேயப் பணக்காரர், ஆப்பிரிக்காவுக்கு ஊழியம் செய்யப் போகும் இருவருடன் நீயும் போயேன் என்கிறார். ஃபிலிஸ் மறுக்கிறார். அங்கே இருக்கிறவர்களுக்கு நான் எவ்வளவு அந்நியமாகத் தெரிவேன், அனமபோ ஊர் மொழி எனக்கு அறவே தெரியாது, வாய் பேசாமல்தான் இருக்க வேண்டும் என்று எழுதுகிறார். இந்தக் கடிதத்தை வகுப்பில் படிக்க எனக்கு ஒவ்வொரு முறையும் கஷ்டமாக இருக்கிறது. பிடுங்கியவர்களே திரும்பப் போ என்கிறார்கள், போக இடம் எதுவும் மிச்சம் இல்லை.

ஜூன் 9

விடுதலை பற்றிக் கேட்டவருக்கு.

1773ல் வீட்லி மகன் நதானியேலுடன் லண்டன் போனார். வரவேற்பு பெரியது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் பார்க்க வந்தார். டார்ட்மத் பிரபு ஐந்து கினி பொற்காசு கொடுத்து போப்பின் நூல்களை வாங்கிக்கொள் என்றார். அடிமை முறையை எதிர்த்து வழக்காடிய கிரான்வில் ஷார்ப் லண்டன் கோபுரம் என்ற கோட்டைக்குக் கூட்டிப்போய் அங்கே அடைத்து வைத்திருந்த சிங்கம், சிறுத்தை எல்லாம் காட்டினார். முந்தைய ஆண்டுதான் சாமர்செட் வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது, ஓர் அடிமையை இங்கிலாந்திலிருந்து கட்டாயமாக வெளியே அனுப்ப முடியாது என்று. அந்த வழக்குக்குப் பின்னால் நின்றவரே ஷார்ப். இருவரும் அந்தக் கோபுரத்தில் சிங்கத்தைப் பற்றி மட்டுமா பேசியிருப்பார்கள்?

சுசானாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வர, புத்தகம் வெளிவரும் முன்பே பாஸ்டன் திரும்பினார். திரும்பிய சில வாரங்களில் விடுதலை. இங்கிலாந்து நண்பர்களின் விருப்பப்படி எஜமானர் எனக்கு விடுதலை தந்தார் என்று அக்டோபர் 18ல் நியூ ஹேவன் ஊர்க்காரரான டேவிட் ஊஸ்டருக்கு எழுதுகிறார். வருகிறேன், ஆனால் விடுதலை பத்திரம் வேண்டும் என்று பேரம் பேசித்தான் கப்பல் ஏறியிருப்பார் என்று அவருடைய வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, காரணம் அதே கடிதத்தில் இருக்கிறது. பத்திரம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? எஜமானர் இறந்தாலும் அவருடைய சொத்தை நிர்வகிப்பவர்கள் இவரையோ இவருடைய உடைமையையோ தொட முடியாதபடி. அதன் நகல் ஒன்றை லண்டனில் ஒருவரிடம் பத்திரமாக அனுப்பி வைத்திருக்கிறார். புத்தகம் விற்க உதவுங்கள், உங்கள் ஊர் அச்சுக்காரர்கள் திருட்டுப் பதிப்பு போடாமல் பாருங்கள், இனி நான் என் சொந்தக் காலில் நிற்கிறேன், இதில் வருவது முழுக்க என்னுடையது என்கிறார்.

இருபது வயது. பாஸ்டனில் கிழித்துப் போட்டாலும் லண்டனில் இருக்கட்டும் என்று நகல் அனுப்பத் தெரிந்த பெண் இவர்.

ஜூன் 9, மறுபடியும்

அந்தப் புத்தகத்தின் பிரதிகள் பாஸ்டனுக்கு வந்த கப்பலின் பெயரும் 'டார்ட்மத்'. 1773 நவம்பர் கடைசியில் வந்தது. அதே கப்பலில்தான் தேயிலையும் இருந்தது, பிரிட்டிஷ் வரியை எதிர்த்து டிசம்பரில் பாஸ்டன்காரர்கள் கடலில் கொட்டிய தேயிலை. பிரதிகள் தப்பித்தன. இந்தச் செய்தியை முதலில் படித்த அன்று வீட்டில் எல்லோரையும் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன்.

ஜூன் 12

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: 'சரி, அப்படியென்றால் அந்த எட்டு வரியில் வரும் பக்தி வெறும் வேஷமா?'

இல்லை. இதில் நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, எல்லாமே மறைமுகக் கிண்டல், உள்ளே வேறு வைத்து எழுதினார் என்று விளக்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. நானும் சில ஆண்டுகள் அந்தப் பக்கம் சாய்ந்து நடத்தியிருக்கிறேன். கடிதங்களைப் படிக்கப் படிக்க அது போதவில்லை. நியூபோர்ட்டில் ஓபர் டானர் என்று ஒரு தோழி, அவரும் அடிமை, அவரும் கறுப்பினப் பெண். இவர்கள் இருவரும் எழுதிக்கொள்ளும்போது எந்த வெள்ளைக்காரரையும் திருப்திப்படுத்த வேண்டிய தேவை இல்லை. அங்கேயும் பேச்சு முழுக்கக் கடவுள், அருள், மீட்பு. 1771ல் ஓல்டு சவுத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். நம்பிக்கை உண்மையானது.

சுசானா இறந்தபோது அதே தோழிக்கு எழுதியது இன்னும் சிக்கல். ஏதுமற்ற அந்நியளாக வந்த என்னை எடுத்துக்கொண்டார், வேலைக்காரி போல நடத்தாமல் பிள்ளை போல நடத்தினார் என்று அழுகிறார். அந்தப் பாசமும் பொய் இல்லை. அதே பெண்மணிதான் இவரை விலைக்கு வாங்கவைத்தவர் என்பதும் பொய் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று இன்று நாம் அவரைக் கேட்பது எனக்கு அந்தச் சான்றிதழ் கேட்ட பாஸ்டன்காரர்களை நினைவுபடுத்துகிறது. அவர்கள் கேட்டது, நீதான் எழுதினாய் என்று நிரூபி. நாம் கேட்பது, நீ போதுமான அளவு கோபப்பட்டாய் என்று நிரூபி. சோதனை இன்னும் முடியவில்லை.

கோபம்தான் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. 1774 பிப்ரவரியில் சாம்சன் ஆக்கம் என்ற மொஹீகன் பழங்குடிப் போதகருக்கு எழுதிய கடிதம். ஒவ்வொரு மனித நெஞ்சிலும் கடவுள் சுதந்திர வேட்கையை வைத்திருக்கிறார், அது ஒடுக்குமுறையைப் பொறுக்காது என்கிறார். சுதந்திரம் என்று கத்திக்கொண்டே மற்றவர்களை அடக்கி ஆள்கிறவர்களின் சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள பொருத்தத்தைக் கண்டுபிடிக்கத் தத்துவஞானி தேவையில்லை என்று முடிக்கிறார். மார்ச்சில் அது கனெக்டிகட் பத்திரிகையில் அச்சானது. அதாவது இந்த வரிகளை அண்டை அயலார் படித்தார்கள். விடுதலை கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இதிலும் கடவுள் இருக்கிறார், கவனியுங்கள். பக்தியும் கோபமும் அவருக்கு ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

ஜூன் 13

ஜார்ஜ் வாஷிங்டன் பற்றி இரண்டு வரி. 1775 அக்டோபரில் அவருக்குக் கவிதை அனுப்பினார். 1776 பிப்ரவரியில் மரியாதையான பதில் வந்தது, பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கிற கேம்பிரிட்ஜ் வந்தால் சந்திக்கலாம் என்று. அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்.

ஜூன் 17

கணவர் ஜான் பீட்டர்ஸ் ஒரு சோம்பேறி, அவர்தான் கவிஞரைக் கெடுத்தார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது நேராக ஒடெல் எழுதியதிலிருந்து வருகிறது. மூன்று குழந்தைகள் பிறந்து இறந்தன என்பதும் அங்கிருந்துதான், அதற்கும் வேறு பதிவு கிடைக்கவில்லை.

ஜான் பீட்டர்ஸ் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர், கடை வைத்திருந்தார், நீதிமன்றத்தில் தனக்காகத் தானே நின்றவர். 2021ல் கார்னீலியா டேட்டன் என்ற வரலாற்றாய்வாளர் நீதிமன்ற ஆவணங்களைத் தோண்டி எடுத்து வெளியிட்டார். 1780 முதல் சில ஆண்டுகள் இருவரும் பாஸ்டனுக்கு வடக்கே மிடில்டன் என்ற ஊரில் இருந்திருக்கிறார்கள். பீட்டர்ஸ் சிறுவயதில் அடிமையாக இருந்த ஊர் அது. அங்கே நில உரிமைக்காக வழக்கு நடந்து, தோற்று, பாஸ்டன் திரும்பினார்கள். போர்க்காலம், பணத்துக்கு மதிப்பில்லை, கடன். இதில் ஒரு கறுப்பினக் கணவனின் குணக்கேட்டை மட்டும் காரணமாக எழுதி வைத்தது யாருக்கு வசதியாக இருந்தது என்று யோசியுங்கள்.

1779ல் இரண்டாவது தொகுப்புக்கு விளம்பரம் கொடுத்தார். முப்பத்து மூன்று கவிதை, பதின்மூன்று கடிதம், ஃப்ராங்க்ளினுக்குச் சமர்ப்பணம். மறுபடியும் முன்பதிவு சேரவில்லை. மறுபடியும் பாஸ்டன்தான்.

அவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, 1785 பிப்ரவரியில், பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் பீட்டர்ஸ் ஒரு விளம்பரம் போட்டார். காலஞ்சென்ற ஃபிலிஸ் பீட்டர்ஸின் கையெழுத்துப் பிரதியை இரவல் வாங்கிப் போனவர் உடனே திருப்பித் தரவும், அவருடைய எல்லா எழுத்தையும் அச்சிட எண்ணம் என்று. கவிஞரைக் கெடுத்த கணவன் செய்கிற வேலையா இது? அந்தப் பிரதி இன்றுவரை கிடைக்கவில்லை.

ஜூன் 18

'அரசியலை விடுங்கள், கவிதை நன்றாக இருக்கிறதா?' நல்ல கேள்வி. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1780களில் இவரைப் பற்றி எழுதினார்: மதம் ஒரு ஃபிலிஸை உருவாக்கியது, கவிஞரை உருவாக்க முடியவில்லை, விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்று. பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை.

என் கருத்து: இரங்கற்பாக்கள் நிறைய, பெரும்பாலும் அந்தக் கால வார்ப்பில் வந்தவை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாது. அவற்றை நான் ரசித்ததில்லை. ஆனால் கற்பனை என்ற ஆற்றலைப் பற்றி ஒரு கவிதை உண்டு. சிறகு கட்டி விண்மீன்களைத் தாண்டிப் போகிறோம், அண்டத்தையே ஒரு பார்வையில் அளக்கிறோம் என்று எழுந்து, கடைசியில் குளிர் வந்து, வடக்கிலிருந்து புயல் வந்து, பாட்டை நிறுத்த வேண்டியதாகிறது. அந்த இறக்கம் அசல் கவிஞருடையது. எஸ்.எம். என்ற இளம் ஆப்பிரிக்க ஓவியருக்கு எழுதியதும் அப்படித்தான். அது ஸிபியோ மூர்ஹெட், அவரும் அடிமை. ஓர் அடிமைக் கலைஞர் இன்னோர் அடிமைக் கலைஞரின் படங்களைப் பார்த்து, சாகாத புகழுக்குக் குறிவை என்று சொல்கிற கவிதை வேறு எங்கே இருக்கிறது? புத்தக முகப்பில் இருக்கிற படம், கையில் இறகுப் பேனாவும் கன்னத்தில் விரலுமாக, அவர் வரைந்தது என்று சொல்வார்கள்.

படிக்க ஆரம்பிக்கிறவர்கள் டார்ட்மத் கவிதையில் தொடங்குங்கள். அப்புறம் ஆக்கத்துக்கு எழுதிய கடிதம், அது ஒரு பக்கம்தான். அப்புறம் கற்பனை, எஸ்.எம். அந்த எட்டு வரியைக் கடைசியில் படியுங்கள். கேள்வி கேட்டவரிடம் மட்டும் ஒரு வேண்டுகோள்: இந்த வரிசையில் படித்த பிறகும் அதே கேள்வி மிஞ்சினால் இங்கேயே எழுதுங்கள், வரி வரியாகப் பேசலாம்.